ரிசல்ட் வந்த மறுநாள் எல்லாருமே ஜெயித்தது எப்படி?

கேள்வி (ஜூன் 5, 2024, காலை)

மக்களவைத் தேர்தல் ரிசல்ட் வந்த நேற்று ராத்திரி டெல்லியில் பா.ஜ.க. அலுவலகத்திலும் கொண்டாட்டம், காங்கிரஸ் அலுவலகத்திலும் கொண்டாட்டம். 240 எடுத்தவர்கள் "மூன்றாவது முறை" என்கிறார்கள். 99 எடுத்தவர்கள் "இது மோடிக்குத் தார்மீகத் தோல்வி" என்கிறார்கள். ஜூன் 1 அன்று 400 என்று கத்திய டி.வி.க்காரர்கள் நேற்று மதியத்துக்குள் "மக்கள் மனசு யாருக்குத் தெரியும்" என்று தத்துவம் பேசினார்கள். யார் சொல்லும் கணக்கு சரி? எங்களைப் போன்றவர்கள் எதை எடுத்து வைத்துச் சரிபார்ப்பது?

ஜூன் 5, மதியம்

யாரும் பொய் சொல்லவில்லை. ஆளுக்கு ஒரு வகுக்கும் எண்ணை வைத்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

பா.ஜ.க. 240. 2019-இல் 303. தனிப் பெரும்பான்மைக்கு வேண்டிய 272-க்கு 32 குறைவு. கூட்டணியாக 293, அதனால் ஆட்சி. காங்கிரஸ் 52-இலிருந்து 99. போன முறையோடு ஒப்பிட்டால் இரட்டிப்புக்கு அருகில், சபையோடு ஒப்பிட்டால் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒருவர் எதிராளியின் எண்ணோடு ஒப்பிடுகிறார், இன்னொருவர் தன் பழைய எண்ணோடு. கொண்டாட்டத்துக்கு எது வசதியோ அது.

"62-க்குப் பிறகு மூன்றாவது முறை தொடர்ந்து வரும் முதல் அரசு" என்பதும் சரிதான். 1962-இல் காங்கிரஸ் தனியாகவே 361 வைத்திருந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால் வாக்கியம் முழுமையாகும்.

ஜூன் 5, மாலை

வாக்கு சதவீதம்: பா.ஜ.க. 37.36-இலிருந்து 36.56. ஒரு புள்ளிகூட இறங்கவில்லை, 63 இடம் போய்விட்டது. "இவ்வளவு சின்னச் சரிவுக்கு இவ்வளவு நஷ்டமா, மெஷினில் கோளாறு" என்று ஒரு பக்கம். "ஓட்டு அப்படியே இருக்கிறது, பாதிப்பே இல்லை" என்று இன்னொரு பக்கம். இரண்டு பேருக்கும் ஒரே பதில்: அந்த 0.8 ஒரே இடத்தில் இறங்கிய 0.8 அல்ல. ஒடிசாவில் 21-இல் 20, தெலங்கானா, ஆந்திரா, கேரளத்தில் திருச்சூர், தமிழ்நாட்டில் இடமே இல்லாமல் வெறும் ஓட்டு என்று ஏறியது ஒரு பக்கம். உத்தரப் பிரதேசத்தில் 62-இலிருந்து 33, மகாராஷ்டிரத்தில் 23-இலிருந்து 9, ஹரியானாவில் 10-இலிருந்து 5 என்று இறங்கியது மறுபக்கம். இரண்டையும் கூட்டிக் கழித்துத் தேசிய சராசரி என்று போட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி தெரியும். ஒரு கால் அடுப்பில், ஒரு கால் ஐஸில். சராசரி வெப்பம் சுகம்.

உ.பி.யில் மட்டும் பார்த்தால் 49-க்கு மேலிருந்த ஓட்டு 41-க்கு வந்திருக்கிறது. அதோடு அங்கே எதிர் ஓட்டு சமாஜ்வாதி, காங்கிரஸ் என்று தொகுதி பிரித்து ஒரே பெட்டியில் விழுந்தது. பகுஜன் சமாஜ் தனியாக நின்று ஒரு இடமும் எடுக்கவில்லை. அயோத்தி அடங்கிய ஃபைசாபாத்தில் சமாஜ்வாதி 54,567 ஓட்டில் ஜெயித்தது. ஒரே தொகுதியை வைத்து நாட்டுக்கே விளக்கம் சொல்ல ஊடகத்துக்கு அதைவிட வசதியான தொகுதி கிடைக்காது. மற்ற 79 தொகுதியையும் பாருங்கள்.

ஜூன் 6

எக்ஸிட் போல் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சட்டப்படி (மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 126ஏ) முதல் கட்ட வாக்குப்பதிவு தொடங்கியதிலிருந்து கடைசிக் கட்டம் முடிந்து அரை மணி நேரம் வரை வெளியிடக் கூடாது. இந்த முறை ஏப்ரல் 19 காலை 7 மணி முதல் ஜூன் 1 மாலை 6.30 வரை. ஆறரை மணிக்குத் தாழ் திறந்தது, ஒருவர் 361 முதல் 401 என்றார், இன்னொருவர் 400, கூடக்குறைய 15 என்றார்.

தப்பு எங்கே? பெரும்பாலும் இரண்டாவது படியில். முதல் படி வாக்கு சதவீதம். இரண்டாவது படி அதை இடமாக மாற்றுவது. நெருக்கமான தொகுதிகள் அதிகம் இருக்கும் மாநிலத்தில் சதவீதக் கணிப்பு இரண்டு மூன்று புள்ளி பிசகினாலே பத்து இருபது இடம் புரண்டுவிடும். முதல் படியிலும் ஓட்டை உண்டு: பூத் வாசலில் மைக் நீட்டினால் பதில் சொல்லாதவர்கள் எல்லாக் கட்சிக்கும் சம அளவில் இருப்பதில்லை. சமூகவாரியாக எடை போட்டுச் சரிசெய்கிறோம் என்பார்கள், அந்த எடையே பழைய கணக்கெடுப்பிலிருந்து எடுத்தது. நாட்டில் கடைசியாக முடிந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2011.

ஒரு கணிப்பை நம்புவதற்கு முன் மாதிரி எண்ணிக்கை, களத்தில் இருந்த நாட்கள், மறுத்தவர் சதவீதம், சதவீதத்தை இடமாக்கிய முறை, இந்த நான்கையும் கேளுங்கள். நான்கையும் வெளியிட்ட சேனலைத் தேடினால் பொழுது போகும்.

ஜூன் 6, இரவு

பங்குச் சந்தையை வைத்து இன்று ராகுல் நாடாளுமன்றக் கூட்டுக்குழு விசாரணை கேட்டிருக்கிறார். எண்கள் இவை: ஜூன் 3 அன்று சென்செக்ஸ் 2,507 புள்ளி ஏறி 76,469. ஜூன் 4 அன்று 4,390 புள்ளி விழுந்து 72,079, அதாவது சுமார் 5.7 சதவீதம். இது நடந்தது, சந்தேகமில்லை. யாராவது முன்கூட்டியே தெரிந்து விற்றார்களா என்பது வேறு கேள்வி. அதற்கு யார் எந்த நேரத்தில் வாங்கி விற்றார் என்ற பட்டியல் வேண்டும், குறியீட்டு எண் போதாது. இதுவரை பேசுகிறவர் யார் கையிலும் அந்தப் பட்டியல் இல்லை.

ஜூன் 7, பின்குறிப்பு: இன்றைக்கு முடிவு 76,693. ஜூன் 3-ஐயும் தாண்டிவிட்டது. "30 லட்சம் கோடி போனது" என்ற தலைப்பைப் போட்டவர்கள் "திரும்பி வந்தது" என்று அதே அளவு எழுத்தில் போடவில்லை. இரண்டுமே காகித மதிப்பு. ஜூன் 4 அன்று பயந்து விற்றவருக்கு மட்டும் அது நிஜப் பணம்.

ஜூன் 8

"எட்டேகால் மணிக்கு டி.வி.யில் முன்னிலை காட்டினார்கள், ஒன்பதரைக்கு மாறிவிட்டது, இடையில் என்ன நடந்தது?" என்ற கேள்விக்கு.

எட்டு மணிக்குத் தபால் ஓட்டு. எட்டரைக்கு மெஷின். முதல் அரை மணியில் திரையில் தெரிவது அரசு ஊழியர், ராணுவத்தினர், வீட்டிலிருந்து வாக்களித்த மூத்தோர் போட்ட தபால் ஓட்டுகளில் பிரித்த சில கட்டுகள். அதை "முன்னிலை" என்று சொல்வதே தவறு, ஆனால் எட்டு மணிக்குத் திரையில் ஏதாவது ஓட வேண்டுமே.

அதன்பின் சட்டமன்றத் தொகுதிவாரியாக ஒரு ஹால், வழக்கமாக 14 மேசை. தமிழ்நாட்டில் ஒரு மக்களவைத் தொகுதிக்கு 6 சட்டமன்றத் தொகுதி. ஒன்றில் 280 பூத் என்றால் 20 ரவுண்டு. பூத் எண் வரிசையில் எண்ணுவதால் முதல் நான்கைந்து ரவுண்டு ஒரே ஒன்றியமாக இருக்கலாம். டவுன் பூத்துகள் பதினைந்தாவது ரவுண்டில் வந்தால் முன்னிலை அப்போதுதான் புரளும். இதைத்தான் "திடீர் திருப்பம்" என்று சிவப்பு எழுத்தில் ஓட்டுகிறார்கள். ஓட்டு எல்லாம் வாக்குப்பதிவு நாளிலேயே போட்டாகிவிட்டது. நான்காம் தேதி திரும்புவது எண்ணும் வரிசை மட்டும்.

சேனல் காட்டும் எண்ணும் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் இருக்கும் எண்ணும் ஏன் வேறாக இருக்கின்றன? கட்சி ஏஜென்ட் மேசையில் குறித்ததை வெளியே போனில் சொல்வார், அது உடனே திரைக்கு வரும். ஆணையத்தின் தளத்தில் ரவுண்டு முடிந்து, தேர்தல் நடத்தும் அதிகாரி கையெழுத்துப் போட்ட பின்தான் ஏறும். ஒன்றிரண்டு ரவுண்டு பின்தங்குவது இயல்பு. அதை "மறைக்கிறார்கள்" என்று வீடியோ போட்டவர்கள் பலர்.

ஜூன் 10

விருதுநகர். காங்கிரஸ் 4,379 ஓட்டில் ஜெயித்தது, தே.மு.தி.க. மறு எண்ணிக்கை கேட்கிறது. இங்கே சட்டம் என்ன சொல்கிறது என்று யாருமே சொல்லவில்லை, விவாத மேடையில் ஒன்றரை மணி நேரம் பேசியும்.

தேர்தல் நடத்தை விதிகள் 1961, விதி 63. எண்ணி முடித்ததும் அதிகாரி மொத்தத்தை வாசிப்பார். வாசித்து ஒன்றிரண்டு நிமிடம் நிறுத்த வேண்டும். அந்த நிறுத்தத்துக்குள் வேட்பாளரோ ஏஜென்டோ எழுந்து, எழுத்துமூலம், எந்தக் காரணத்துக்காக எந்தப் பகுதியை மீண்டும் எண்ண வேண்டும் என்று கேட்கலாம். அதிகாரி முழுதாகவோ பகுதியாகவோ ஏற்கலாம், காரணத்தை எழுதி மறுக்கவும் செய்யலாம். பூத்வாரி ஓட்டுகள் அடங்கிய இறுதி முடிவுத் தாளான படிவம் 20-இல் அவர் கையெழுத்து விழுந்த நொடியோடு அந்தக் கதவு மூடிவிடும். மறுநாள் தேர்தல் ஆணையத்துக்கு மெயில் அனுப்பினால் அவர்களால் திறக்க முடியாது. அடுத்த கதவு உயர் நீதிமன்றம் மட்டும்.

அதனால் எண்ணும் மேசைக்கு அனுப்பும் ஏஜென்டுக்குத் தொண்டை முக்கியமில்லை. வெள்ளைத்தாளும் பேனாவும் முக்கியம். நெருக்கமான தொகுதியில் பெயர், தொகுதி எல்லாம் நிரப்பிய விண்ணப்பத்தை முன்கூட்டியே தயாராக வைத்திருப்பார்கள் அனுபவப்பட்டவர்கள். காரணத்தை மட்டும் கடைசியில் நிரப்புவார்கள். "சந்தேகமாக இருக்கிறது" என்று எழுதினால் நிராகரிப்பு உறுதி. "12-ஆவது ரவுண்டு, 7-ஆவது மேசை, 17சி முதல் பகுதியில் 812, இரண்டாம் பகுதியில் 821" என்பது போல இருந்தால் அதிகாரியால் தட்ட முடியாது. (எண்கள் எடுத்துக்காட்டுக்கு.)

17சி என்றால்: வாக்குப்பதிவு முடிந்ததும் ஒவ்வொரு பூத்திலும் எத்தனை ஓட்டு பதிவானது, மெஷின் எண் என்ன, சீல் எண் என்ன என்று தலைமை அலுவலர் எழுதித் தரும் படிவத்தின் முதல் பகுதி. நகலை ஏஜென்டுக்குக் கொடுக்க வேண்டும் என்று விதி 49எஸ் சொல்கிறது. எண்ணும் நாளில் நிரப்புவது இரண்டாம் பகுதி. நகலை வாங்காமல் மாலை டீ குடிக்கப் போன ஏஜென்ட் இருக்கும் கட்சி, பிறகு மெஷினைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை.

ஜூன் 11

உச்ச நீதிமன்றம் ஏப்ரல் 26 அன்று சொன்னது இன்று நினைவுக்கு வர வேண்டும். வி.வி.பேட் சீட்டை (எந்தச் சின்னத்துக்கு ஓட்டு விழுந்தது என்று அச்சாகும் தாள்) நூறு சதவீதம் எண்ணச் சொல்ல மறுத்துவிட்டது. ஆனால் இரண்டாம், மூன்றாம் இடம் வந்தவர்கள் ரிசல்ட்டிலிருந்து 7 நாளுக்குள் எழுதிக் கொடுத்தால், சட்டமன்றத் தொகுதிக்கு 5 சதவீத மெஷின்களின் மைக்ரோகன்ட்ரோலர் (உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுச் சிப்) நினைவகத்தைத் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்கள் சரிபார்ப்பார்கள். செலவு விண்ணப்பித்தவருடையது. இந்தத் தேர்தலில் ஒரு மெஷின் செட்டுக்கு 40,000 ரூபாயும் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும், ஆக 47,200. கோளாறு நிரூபணமானால் பணம் திரும்பும்.

ஜூன் 21, இதற்குத் தொடர்ச்சி: மக்களவைக்கு மொத்தம் 8 தொகுதிகளிலிருந்து, 92 பூத்துகளுக்கு மட்டுமே விண்ணப்பம். 543 தொகுதியில் 8. விண்ணப்பித்தவர்களில் பா.ஜ.க.வினரும் உண்டு, காங்கிரஸும் உண்டு. தமிழ்நாட்டில் விருதுநகரில் தே.மு.தி.க. 14 பூத், வேலூரில் தாமரைச் சின்னத்தில் நின்றவர் 6 பூத். மெஷின் மோசம் என்று மைக்கில் பேசியவர்கள் எத்தனை பேர், 47,200 கட்டியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

இதற்கு ஒருவர் பதில்: "பணம் இல்லாத வேட்பாளர் என்ன செய்வார்?" நியாயமான கேள்வி. தொகுதி முழுக்க ஐந்து சதவீதம் என்றால் எண்பது, தொண்ணூறு மெஷின் வரை போகும், நாற்பது லட்சத்தைத் தொடும். சுயேச்சைக்கு முடியாது. பெரிய கட்சிக்கு முடியும். நான் சொன்னது பெரிய கட்சிகளைப் பற்றி.

ஜூன் 13

கட்சிக்குள் நடப்பதையும் கவனியுங்கள். தோற்றவர் ராஜினாமா செய்வதாகச் சொல்வது ஒரு சடங்கு. மகாராஷ்டிரத்தில் பா.ஜ.க. துணை முதல்வராக இருந்த ஃபட்னவிஸ் 5-ஆம் தேதியே பதவி விலகத் தயார் என்றார். ஒடிசாவில் நவீன் பட்நாயக் ஆட்சியே போனதால் விலகினார், அவருக்கு நெருக்கமான வி.கே.பாண்டியன் 9-ஆம் தேதி அரசியலை விட்டே விலகுவதாக அறிவித்தார். ஜெயித்த பக்கத்திலும் சத்தம் கேட்டது: 10-ஆம் தேதி நாக்பூரில் ஆர்.எஸ்.எஸ். தலைவர் மோகன் பாகவத், உண்மையான சேவகனுக்கு அகந்தை இருக்காது என்று பேசினார், மணிப்பூர் ஓராண்டாக அமைதிக்குக் காத்திருப்பதையும் சொன்னார். அதை எதிர்க்கட்சி ஆதரவுச் சேனல் "மோதல்" என்றது, மறுபக்கம் "பொதுவான அறிவுரை" என்றது. பேச்சு ஒன்றுதான், தலைப்பு மட்டும் இரண்டு.

தமிழ்நாட்டு பா.ஜ.க.வின் தமிழிசையிடம் விஜயவாடா மேடையில் அமித் ஷா விரல் நீட்டிப் பேசிய சில விநாடி வீடியோவுக்கு ஒலி கிடையாது. ஒலியில்லாத வீடியோவுக்கு இரண்டு நாளாக வசனம் எழுதுகிறார்கள், எல்லாச் சேனலிலும்.

ஜூன் 17

மும்பை வடமேற்கு. வித்தியாசம் 48 ஓட்டு, நாட்டிலேயே மிகக் குறைவு. கணக்கைப் பாருங்கள், சுவையானது: மெஷினில் சிவசேனா உத்தவ் அணியின் கீர்த்திகர் 4,51,095, ஷிண்டே அணியின் வாய்க்கர் 4,51,094. ஒரு ஓட்டு முன்னால். தபாலில் கீர்த்திகர் 1,501, வாய்க்கர் 1,550. முடிவு 48-இல் புரண்டது. நிராகரித்த தபால் ஓட்டுகள் 111. வித்தியாசம் அதைவிடக் குறைவு என்பதால் அவற்றை மறுபடி பரிசோதித்தே ஆக வேண்டும், செய்தார்கள். இழுபறி முழுக்கத் தபால் ஓட்டில் இருக்கிறது, மெஷினில் அல்ல.

ஆனால் நேற்று வந்த செய்தி என்ன? எண்ணும் மையத்தில் ஒருவர் வைத்திருந்த மொபைலில் வந்த ஓ.டி.பி.யால் மெஷினைத் திறந்தார்கள் என்று ஒரு மும்பை நாளிதழ். மெஷினுக்கு ஓ.டி.பி. கிடையாது. வெளியே இணைக்கும் வயர், வைஃபை, புளூடூத் எதுவும் கிடையாது. ஓ.டி.பி. வருவது அதிகாரிகள் எண்களை ஏற்றும் கணினி மென்பொருளுக்குள் நுழைய. மையத்துக்குள் அனுமதியில்லாத ஆள் போன் வைத்திருந்தது தனிக் குற்றம், அதற்கு வழக்கு ஓடுகிறது. இரண்டையும் குழைத்ததுதான் தப்பு. நாளிதழ் பிறகு தவறை ஒப்புக்கொண்டது. அதற்குள் அமெரிக்காவில் ஈலான் மஸ்க் மெஷினே வேண்டாம் என்று பொதுவாகப் போட்ட பதிவோடு இந்தச் செய்தியைக் கோத்து எல்லாரும் பகிர்ந்துவிட்டார்கள்.

செய்தித்தாள் மீது புகார் என்றால் முதலில் ஆசிரியருக்கு எழுத வேண்டும். திருத்தம் வராவிட்டால் நாளிதழ், வார இதழ் என்றால் வெளியான நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் பிரஸ் கவுன்சிலுக்கு. டி.வி. என்றால் சேனலுக்கு எழுதுங்கள், 2021 விதிப்படி 15 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் அவர்களுடைய சுயக் கட்டுப்பாட்டு அமைப்புக்கு. ஒளிபரப்பான தேதி, நேரம், நிகழ்ச்சிப் பெயர், தவறான வாக்கியம் எது என்று குறிப்பிடாத புகார் குப்பைக்கே போகும்.

ஜூன் 19

தமிழ்நாட்டுக் கணக்கு. ஆளுக்கொரு சதவீதம் சொல்கிறார்களே என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். கொஞ்சம் நீளமாகும்.

தி.மு.க. கூட்டணி 39-க்கு 39: தி.மு.க. 22, காங்கிரஸ் 9, வி.சி.க., இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகள் தலா 2, ம.தி.மு.க. 1, முஸ்லிம் லீக் 1.

கட்சி சதவீதம் மாநிலத்தின் மொத்த ஓட்டால் வகுத்து வருவது. நிற்காத தொகுதியில் அந்தக் கட்சிக்குப் பூஜ்யம். எத்தனை இடத்தில் நின்றார்கள் என்று தெரியாமல் இரண்டு தேர்தலை ஒப்பிடவே முடியாது.

பா.ஜ.க. 3.66-இலிருந்து 11.24, "மூன்று மடங்கு". 2019-இல் 5 தொகுதி, இந்த முறை தாமரைச் சின்னத்தில் 23. வளர்ச்சி இல்லை என்று சொல்லவில்லை. அந்த மூன்று மடங்கில் தொகுதி எண்ணிக்கையின் பங்கு பெரியது என்கிறேன். அ.தி.மு.க. 19.39-இலிருந்து 20.46, "ஒரு சதவீதம் கூடியது". 2019-இல் இரட்டை இலை இருபது சொச்சம் தொகுதியில், இப்போது முப்பதுக்கும் மேல். பத்துத் தொகுதிக்கு மேல் கூடுதலாக நின்றும் ஒரு புள்ளிதான் கூடியது என்றால் அது சரிவு. ஏழு தொகுதியில் டெபாசிட்டும் போனது. தி.மு.க. 33-இலிருந்து 26.93, உதயசூரியன் நின்ற இடங்கள் 24-இலிருந்து 22. இரண்டு தொகுதி குறைந்ததற்கு ஆறு புள்ளி இறங்காது. 39-ஐக் கொண்டாடும்போது யாரும் சொல்லாத எண் இது. ஒழுங்காக ஒப்பிட முடிவது நாம் தமிழரைத்தான், இரண்டு முறையும் ஏறக்குறைய எல்லா இடத்திலும் தனியாக நின்றார்கள்: நான்குக்கு அருகிலிருந்து எட்டுக்குச் சற்று மேல். மாநிலக் கட்சி அங்கீகாரத்துக்கு இடமே இல்லாவிட்டாலும் 8 சதவீதம் போதும், அது கிடைத்துவிட்டது. வி.சி.க.வுக்கு வேறு வாசல்: 25 தொகுதிக்கு ஒரு எம்.பி. வீதம், 39-க்கு 2 எம்.பி.

டெபாசிட்: 25,000 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. வேட்பாளருக்கு 12,500. செல்லும் ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் எடுத்தால் திரும்பும். தூத்துக்குடியில் இரண்டாம் இடம் வந்த அ.தி.மு.க.வுக்கே கிடைக்கவில்லை. "இரண்டாம் இடம்" என்ற தலைப்பு எவ்வளவு சொல்லாமல் விடும் என்பதற்கு நல்ல சான்று.

ஜூன் 20

"அ.தி.மு.க.வும் பா.ஜ.க.வும் சேர்ந்திருந்தால்?" இந்த இழையில் அதிகம் வந்த கேள்வி. அ.தி.மு.க.வின் வேலுமணி ரிசல்ட் முடிந்த இரண்டாம் நாளே முப்பதுக்கு மேல் ஜெயித்திருப்போம் என்றார்.

தர்மபுரியை எடுங்கள்: தி.மு.க. 4,32,667, பா.ம.க. 4,11,367, அ.தி.மு.க. 2,93,629. கூட்டினால் ஏழு லட்சம், தி.மு.க. காலி. கூட்டல் சரி. ஆனால் 2019-இல் அ.தி.மு.க., பா.ம.க., பா.ஜ.க., தே.மு.தி.க. எல்லாரும் ஒன்றாக நின்று தேனி ஒன்றைத்தான் எடுத்தார்கள். கூட்டணி சேர்ந்தால் இரண்டு பேருக்கும் ஓட்டு போட்டவர்களில் ஒரு பகுதி நகர்ந்துவிடும். அ.தி.மு.க.வுக்குப் போட்ட சிறுபான்மை வாக்காளர் அங்கேயே இருப்பார் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

யோசித்துப் பார்த்தால் 2019 ஒப்பீட்டையும் நான் அழுத்தமாகச் சொல்லக் கூடாது. அது ராகுலைப் பிரதமர் வேட்பாளராக ஸ்டாலின் அறிவித்த தேர்தல், மாநிலத்தில் அ.தி.மு.க. ஆட்சி, சூழல் வேறு. தர்மபுரி போன்ற சில இடங்கள் நிச்சயம் மாறியிருக்கும். முப்பது என்பது கூட்டல் மட்டும்.

ஜூன் 26

திருத்தம். இங்கே ஒருவருக்குப் பதில் சொல்லும்போது எதிர்க்கட்சித் தலைவர் பதவிக்கு 10 சதவீத இடம் வேண்டும் என்பது 1977 சட்டம் என்று எழுதிவிட்டேன். அந்தச் சட்டத்தில் அப்படி இல்லை. எண்ணிக்கையில் பெரிய எதிர்க்கட்சியின் தலைவர், சபாநாயகர் ஏற்றவர் என்றுதான் இருக்கிறது. பத்து சதவீதம் முதல் சபாநாயகர் மாவலங்கர் காலத்திலிருந்து வரும் சபாநாயகர் வழிகாட்டுதல். அதை வைத்துத்தான் 2014-இல் 44-க்கு மறுத்தார்கள், 2019-இல் 52-க்கும் அந்தப் பதவி இல்லை. 99 இருப்பதால் இப்போது தகராறு இல்லை, ராகுல் ஆகிவிட்டார்.

இன்னொரு திருத்தம். 5-ஆம் தேதி "இறங்கிய 0.8" என்று எழுதியதைப் படித்துப் பா.ஜ.க.வின் ஓட்டு எண்ணிக்கையே குறைந்தது என்று சிலர் புரிந்துகொண்டார்கள். சதவீதம் குறைந்தது, எண்ணிக்கை கூடியது: 22.9 கோடியிலிருந்து 23.6 கோடி அளவுக்கு. வாக்களித்தவர்கள் கூடியதால்.

ஜூலை 14

விக்கிரவாண்டி இடைத்தேர்தல் முடிவு. தி.மு.க. 1,24,053, பா.ம.க. 56,296, வித்தியாசம் 67,757. அ.தி.மு.க. புறக்கணித்தது. வாக்குப்பதிவு 82 சதவீதத்தைத் தாண்டியது. ஆக இரட்டை இலைக்காரர்கள் வீட்டில் உட்காரவில்லை, எங்கோ போட்டார்கள். எங்கே என்று தெரிய பூத்வாரியாகப் பார்க்க வேண்டும். நேற்றிரவே "முழுக்க ஆளுங்கட்சிக்குப் போனது" என்றும் "பா.ம.க.வுக்குப் போனது" என்றும் முடிவு சொன்னவர்களிடம் படிவம் 20 இருந்திருக்க வாய்ப்பில்லை.

பூத்வாரியாகப் பார்க்கும் முறை கேட்டவருக்கு: மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தில் படிவம் 20 கிடைக்கும். பழைய படிவத்தையும் எடுங்கள். பூத் எண்ணை எண்ணோடு பொருத்தாதீர்கள், இங்கேதான் பாதிப் பேர் விழுகிறார்கள். ஒரு பூத்தில் வாக்காளர் எண்ணிக்கை வரம்பை (2024-இல் 1,500) தாண்டினால் பிரிப்பார்கள், துணை பூத் சேர்ப்பார்கள், அதன்பின் வரிசை எண் எல்லாம் தள்ளிப்போகும். வாக்காளர் பட்டியலின் முதல் பக்கத்தில் பாகத்துக்கு எந்தெந்தத் தெரு என்று இருக்கும், அதை வைத்துப் பொருத்துங்கள். தபால் ஓட்டு கடைசி வரியில் தனியாக வரும், பூத்துகளில் பங்கிடாதீர்கள்.

இந்தப் படிவத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. ஜெயித்தவரின் ஆட்களும் இதைத்தான் படிக்கிறார்கள். எந்தத் தெரு போடவில்லை என்று தெரிந்துவிடும், ரோடும் தண்ணீரும் அதன்படி நகரும். 14 மெஷின்களின் ஓட்டைக் கலந்து மொத்தமாகக் காட்டும் டோட்டலைசரை ஆணையம் 2008-லேயே பரிந்துரைத்தது. இன்னும் வரவில்லை. பூத் ஏஜென்டை எடைபோட இந்தப் படிவத்தைவிட நல்ல கருவி கட்சிகளுக்கு இல்லை, யார் விடுவார்கள்.

ஜூலை 20

நேற்றோடு 45 நாள் முடிந்தது. தேர்தல் வழக்குக்கு அதுதான் கெடு, ஒரு நாள் தாமதத்தையும் உயர் நீதிமன்றம் மன்னிக்க முடியாது. வேட்பாளர் மட்டுமல்ல, அந்தத் தொகுதி வாக்காளரும் போடலாம். காப்புத் தொகை 2,000 ரூபாய். ஊழல் நடவடிக்கை என்று குற்றம் சாட்டினால் படிவம் 25-இல் தனிப் பிரமாணப் பத்திரம். எதிர்மனுதாரர் எத்தனை பேரோ அத்தனை நகல், ஒவ்வொன்றிலும் மனுதாரர் கையெழுத்து. சேர்க்க வேண்டிய எதிர்மனுதாரரை விட்டாலும், பணம் கட்டாவிட்டாலும், விஷயத்துக்குள் போகாமலே தள்ளுபடி.

ஆறு மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. தேனியில் 2019 வெற்றி செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது 2023 ஜூலையில். அதையும் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. அந்த எம்.பி. பதவிக்காலத்தை முடித்துவிட்டார்.

ஜூலை 30

தேர்தல் சீர்திருத்தத்துக்காக இயங்கும் ஏ.டி.ஆர். அமைப்பு நேற்று வெளியிட்டது பற்றிக் கேட்டார்கள். 538 தொகுதிகளில் பதிவான ஓட்டுக்கும் எண்ணிய ஓட்டுக்கும் வித்தியாசம்: 362-இல் எண்ணியது 5,54,598 குறைவு, 176-இல் எண்ணியது 35,093 அதிகம்.

குறைவுக்கு விளக்கம் உண்டு. காலையில் போடும் மாதிரி ஓட்டை அழிக்க மறந்த மெஷின், 17சியோடு ஒத்துப்போகாத மெஷின், திரை தெரியாத மெஷின் ஆகியவற்றை ஒதுக்கி வைப்பார்கள். வெற்றி வித்தியாசம் அவற்றின் மொத்த ஓட்டைவிடப் பெரிது என்றால் எண்ணாமலே முடிவு அறிவிப்பார்கள். சிறிது என்றால் வி.வி.பேட் சீட்டை எண்ணுவார்கள். அதனால் குறைவு என்பதே மோசடி ஆகாது.

அதிகமாக வந்த 35,093-க்கு இந்த விளக்கம் ஒட்டாது. பதிவு எண்ணை ஏற்றும்போது நடந்த தட்டச்சுப் பிழையாக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். ஒதுக்கிய மெஷின் எவை, எந்த பூத், எத்தனை ஓட்டு என்று தொகுதிவாரியாக ஆணையம் ஒரு பட்டியல் போட்டால் ஒரு மாலையில் தீரும் விஷயம். மே 24 அன்று பூத்வாரி எண்ணை 48 மணி நேரத்தில் போடச் சொல்லும் இடைக்கால உத்தரவைத் தர உச்ச நீதிமன்றம் மறுத்தது, மறுநாளே ஆணையம் ஐந்து கட்டத்துக்கான மொத்த எண்ணிக்கையைத் தானாக வெளியிட்டது. அதாவது எண்கள் கையில் இருந்தன.

அதிகம் வந்த அந்த 176 தொகுதிகளில் உங்களுடையது இருந்தால், உங்கள் கட்சி ஏஜென்டிடம் 17சி முதல் பகுதி நகல் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இருந்தால் பூத் எண்ணோடு இங்கே தட்டச்சு செய்து போடுங்கள், படிவம் 20-ஓடு வைத்துப் பார்க்கலாம்.

ஆகஸ்ட் 2

மூன்று பேர் அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு ஒத்துப்போகிறது. மூன்றாவதில் அனுப்பியவர் எண்களைக் கூட்டும்போது பத்தை விட்டுவிட்டார்.